பிப்ரவரியில் ஒஸ்லோவிலிருந்து டிராம்சோ வரை கேரவனில் போகலாமா? மைனஸ் 25 தாங்குமா?

வைகைக்கரை:

வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ஒஸ்லோவில் இருக்கிறோம், சொந்த ஊர் மதுரைப் பக்கம். வருகிற பிப்ரவரியில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் போல லீவு கிடைக்கிறது. வாடகைக்குக் கேரவன் வண்டி எடுத்துக்கொண்டு டிராம்சோ வரை போய், வடக்கு வானத்தின் அந்தப் பச்சை ஒளியை வண்டிக்குள் இருந்தே பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற வகை இல்லை, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ஏழு மீட்டர் வண்டி. எனக்கும் ஆசைதான். கோடையில் இதே மாதிரி வண்டியில் லோஃபோட்டன் தீவுகளுக்குப் போயிருக்கிறோம், அந்த வாழ்க்கை எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஆனால் கோடை வேறு, பிப்ரவரி வேறு. ராத்திரி மைனஸ் 25 இருக்கும்போது ஹீட்டர் நின்றுபோனால் என்ன செய்வது? தண்ணீர்த் தொட்டி உறைந்துவிடாதா? அப்புறம் வழி. இவர் நார்வேக்குள்ளேயே E6 சாலையில் போக வேண்டும், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டுகிற இடத்தில் படம் எடுக்க வேண்டும் என்கிறார். ஆபீஸில் விசாரித்தால் எல்லோரும் ஸ்வீடன் வழியாகப் போ என்கிறார்கள். இவர் நார்வே உரிமம் எடுத்தவர், வழுக்குத் தளப் பயிற்சியும் முடித்திருக்கிறார், குளிர்காலத்தில் கார் ஓட்டிப் பழக்கம் உண்டு. இவ்வளவு பெரிய வண்டியைப் பனியில் ஓட்டியதில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, ஆகவே முழு வழியும் அவர் ஒருவர்தான். போய் வந்தவர்கள், அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

கியர்பெட்டி:

சகோதரி, முதலில் ஹீட்டரைப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் ட்ரூமா காம்பி என்கிற ஹீட்டர் இருக்கும், விலை கூடிய வண்டியில் ஆல்டே இருக்கும். ட்ரூமா கேஸை எரித்துச் சூடான காற்றைக் குழாய் வழியாக ஊதும். ஆல்டே கிளைகால் என்கிற உறையாத திரவம் கலந்த சூடான நீரைச் சுவரோரமாகச் சுற்றிவரச் செய்யும், அதனால் சத்தமில்லாமல் மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராகச் சூடு இருக்கும். கிடைத்தால் ஆல்டே எடுங்கள். ட்ரூமா கிடைத்தாலும் குறை ஒன்றுமில்லை, ஈரமான பூட்ஸைக் காயவைக்க அந்தக் காற்று நல்ல வசதி.

இப்போது கேஸ் கணக்கு. காம்பி 4 மாடல் மணிக்கு 160 முதல் 320 கிராம் வரை எரிக்கும், காம்பி 6 முழு வேகத்தில் 480 கிராம். அப்படியானால் 11 கிலோ சிலிண்டர் ஒன்று, காம்பி 4 முழு வேகத்தில் ஓடினால் 34 மணி நேரம்தான் வரும், பாதி வேகத்தில் ஓடினால் 68 மணி நேரம். மைனஸ் 25 குளிரில் அது பாதி வேகத்தில் நிற்காது. ஆகவே கேரவன்கள் தங்குவதற்கென்றே இருக்கிற, மின் இணைப்பு உள்ள முகாமில் ராத்திரி தங்குங்கள். ட்ரூமாவில் E என்று முடிகிற மாடல் என்றால் 1,800 வாட் மின்சாரத்திலும் சூடாகும், கேஸும் மின்சாரமும் சேர்ந்து ஓடும்போது சிலிண்டர் நிதானமாகக் காலியாகும். அந்த E வண்டியாகவே கேட்டு வாங்குங்கள்.

சிலிண்டரில் இருப்பது சுத்தமான புரோப்பேனா என்பதையும் கேளுங்கள். நம் ஊர் சமையல் கேஸில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும், அங்கே அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் பியூட்டேன் 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். தென் ஐரோப்பாவில் நிரப்பிய கலவை சிலிண்டரோடு வடக்கே வருகிறவர்களுக்கு சிலிண்டரில் பாதி மிச்சம் இருக்கும்போதே அடுப்பு அணைகிறது என்றால் காரணம் இதுதான்.

நீங்கள் பயப்படுகிற மாதிரி ஹீட்டர் நிற்பதற்குப் பெரும்பாலும் கேஸ் காரணமாக இருக்காது, பேட்டரிதான் காரணமாக இருக்கும். கேஸ் எரிந்தாலும் விசிறியும் கட்டுப்பாட்டுப் பலகையும் ஓடுவது 12 வோல்ட்டில். பழைய ஈய பேட்டரி குளிரில் தன் கொள்ளளவில் நல்ல பங்கை இழந்துவிடும், மின் இணைப்பு இல்லாமல் நின்றால் விடிகாலை மூன்று மணிக்கு அது படுத்துவிடலாம். லித்தியம் பேட்டரி என்றால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, அது வண்டிக்கு உள்ளே சூடான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் வண்டி எடுக்கும்போதே கேட்டால்தான் உண்டு, வாடகைக் கடையில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

தண்ணீர்: ட்ரூமாவில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அதன் அருகே வெப்பநிலை சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் தானாகத் திறந்து கொதிகலனில் இருக்கும் தண்ணீரை வெளியே கொட்டிவிடும், 7 டிகிரிக்கு மேல் போனால்தான் மறுபடி மூட முடியும். காலையில் வண்டிக்குக் கீழே பனிக்கட்டிக் குவியலைப் பார்த்தால் பதறாதீர்கள், வால்வு தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். நல்ல தண்ணீர்த் தொட்டி இருக்கைக்கு அடியில் உள்ளே இருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி பெரும்பாலும் வெளியே தொங்கும், அது கட்டாயம் உறையும். அதன் குழாயைத் திறந்தே வைத்து அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்துவிடுவதுதான் இங்கே வழக்கம். வாளியில் உறைந்த பனிக்கட்டியை முகாமில் கழிவு கொட்டுகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துவிடலாம். குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் தண்ணீர் வையுங்கள், குளிர்காலத்தில் சாலையோரக் குழாய்கள் எல்லாம் மூடிக்கிடக்கும்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் சமரசமே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள். ஹீட்டர் புகை வெளியேறும் துளை பக்கச் சுவரிலோ கூரையிலோ இருக்கும். ராத்திரி பனி கொட்டினாலும், சாலைப் பனியைத் தள்ளுகிற உழவு வண்டி ஒதுக்கிய பனிமேட்டை ஒட்டி நிறுத்தினாலும் அது அடைபடும். படுக்கும் முன்னும் எழுந்தவுடனும் வெளியே போய் அந்தத் துளையைப் பாருங்கள்.

வடக்குவாடை:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், எண்பதுகளில் எங்கட ஆக்கள் கனபேர் மீன் தொழிற்சாலை வேலைக்கு நோர்வேயின் வடகோடியில் இருக்கும் பின்மார்க் பக்கம் வந்த காலத்தில் வந்தவன். இப்போது ட்ரொம்சோவுக்குக் கிட்ட இருக்கிறேன். குளிரைப் பற்றி மேலே தம்பி வடிவாகச் சொல்லிவிட்டார், நான் வீதியைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் ஒபீஸ் ஆக்கள் சொன்னது சரி. சுவீடனுக்குள் E45 வீதியால் வாருங்கள். தோர்ஸ்பி, மூரா, ஓஸ்தெர்சுண்ட், வில்ஹெல்மினா, ஆர்வித்ஸ்யவூர், யொக்மொக், யெல்லிவாரே என்று காட்டுக்குள்ளால் அநேகமாக நேரே வரும் வீதி. பெரிய மலை ஏற்றங்கள் இல்லை, காற்று குறைவு. E6 அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் தொவ்ரெ மலை, பிறகு சால்ட் மலை, அதற்கு மேலே பொக்னெஸில் வாகனம் ஏற்றும் பெரிப் படகு, இவ்வளவும் இருக்கு. காற்று எழும்பினால் மலைக் கடவையைத் தடை போட்டு மூடிவிடுவார்கள், அல்லது உழவு வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். அந்த வரிசையில் போகிறபோது முன்னுக்குப் போகிற வாகனத்தின் சிவப்பு வெளிச்சத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. உயரமான வாகனம் காற்றில் ஆடும், உங்கள் வாகனம் அந்த நிலைமைக்கு ஏற்றதில்லை என்று உழவு வண்டிக்காரர் நினைத்தால் வரிசையில் சேர்க்காமலே நிறுத்திவைக்கலாம். அவர் சொல்வதைக் கேளுங்கள், வாதாடாதீர்கள். நோர்வேக்குள் வீதி நிலைமை அறிய 175 என்ற எண்ணுக்கு அடியுங்கள்.

உங்கள் அவருக்குச் சொல்லுங்கள், ஆர்க்டிக் வட்டம் E45 வீதியையும் வெட்டிக்கொண்டுதான் போகிறது, யொக்மொக் வருவதற்குச் சற்று முன்னால். படம் அங்கேயும் எடுக்கலாம். E6இல் சால்ட் மலையில் இருக்கும் ஆர்க்டிக் வட்ட மையம் கோடையில்தான் திறந்திருக்கும். பெப்ரவரி முதல் வியாழன் தொடங்கி யொக்மொக்கில் குளிர்காலச் சந்தை, 1605இல் தொடங்கி நடந்து வருகிறது, வடக்கின் பழங்குடிகளான சாமி மக்களின் கைவேலை, கலைமான் இறைச்சி எல்லாம் வரும். அந்த நாட்களில் போவதென்றால் முகாமில் இடத்தை இப்போதே பதிந்துவிடுங்கள், அந்தச் சின்ன ஊர் நிரம்பி வழியும்.

கலைமான் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுவீடனின் வடக்கில் வீதியோரக் கம்பங்களில் கறுப்புப் பிளாஸ்டிக் பைகள் கட்டியிருக்கக் கண்டால், அது குப்பை இல்லை. மான்கள் பக்கத்தில் நிற்கின்றன என்று மான் வளர்ப்பவர்கள் கட்டிவிட்ட அடையாளம். உடனே வேகத்தைக் குறையுங்கள். அவை உப்பை நக்க வீதிக்கு வரும், ஒதுங்காது, ஒன்று போனால் பின்னால் இன்னும் பத்து வரும். இடித்துவிட்டால் சுவீடனில் 112க்கு அறிவிக்க வேண்டும், விட்டுவிட்டுப் போகக் கூடாது. அடுத்தது மர லொறிகள், 25 மீற்றர் நீளம். எதிரே வந்து கடந்து போனதும் பனித்தூள் எழும்பி சில வினாடிகள் முன்னால் ஒன்றுமே தெரியாது. லொறியைத் தூரத்தில் கண்டவுடனேயே வேகத்தைக் குறைத்து, உங்கள் பக்கத்து ஓரக் கம்பங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் பிறேக் அடிக்க வேண்டாம்.

ரயர்: இந்த வாகனங்களில் பெரும்பாலானவை முன் சில்லு (சக்கரம்) இழுப்பவை, பாரமோ பின்னால் இருக்கும். பனி ஏற்றத்தில் முன் சில்லு சும்மா சுழலும். ஆணி அடித்த ரயர் இருக்கிற வாகனமாக எடுங்கள். நோர்வே வடக்கில் ஒக்ரோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை ஆணி ரயருக்கு அனுமதி, தெற்கில் நவம்பர் 1இலிருந்து. ஒஸ்லோவுக்குள் ஓட அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதைக் கட்டிவிடுங்கள். வாகனத்தின் அனுமதித்த எடை 3,500 கிலோவுக்கு மேல் என்றால் உரிமமும் வேறு, சில்லில் மாட்டும் பனிச் சங்கிலி கொண்டுபோவதும் கட்டாயம். குறைவென்றாலும் சங்கிலி வைத்திருங்கள், ஒஸ்லோவில் வீட்டுக்கு முன்னாலேயே ஒருக்கா மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். கைப்பிறேக்கை இரவில் இழுத்து விடாதீர்கள், ஈரம் விறைத்து ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சில்லுக்கு அடியில் கட்டை வையுங்கள். டீசல் பாதியாகக் குறைந்தவுடனேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ஆர்வித்ஸ்யவூரில் இருந்து யொக்மொக்குக்கு 150 கிலோமீற்றர் போல, இடையில் காடுதான். வடக்கில் விற்கும் டீசல் குளிருக்கென்று செய்தது, தெற்கு டீசலோடு மைனஸ் 30க்குள் வராதீர்கள்.

வைகைக்கரை:

வடக்குவாடை அண்ணா, கியர்பெட்டி அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இதை அப்படியே இவருக்குப் படித்துக் காட்டினேன். ஆர்க்டிக் வட்டம் E45இலும் வருகிறது என்றதும் E6 பேச்சையே விட்டுவிட்டார்.

எனக்கு இன்னொரு கவலை, சொன்னால் சின்னதாகத் தெரியலாம். கோடையிலேயே சமைத்தால் ஜன்னலெல்லாம் ஈரம் கோத்துக்கொண்டது. எங்களுக்கு ஒரு வேளையாவது சோறு வேண்டும். அந்தக் குளிரில் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு குக்கர் வைக்க முடியுமா? தூக்கம் எப்படி? இரண்டு பேர் அவ்வளவு சின்ன இடத்தில், வெளியே போக முடியாமல், நாள் கணக்கில்...

கம்பளிப்போர்வை:

இது சின்னக் கவலையே இல்லைங்க, குளிர்காலக் கேரவனில் பாதி வேலை இந்த ஈரத்தோடுதான். நாங்கள் ஸ்வீடன் வடக்கில் இருக்கிறோம், நானும் அவருமாக ஒவ்வொரு குளிர்காலமும் எங்கேயாவது கிளம்பிவிடுவோம். ராத்திரி இரண்டு பேர் விடுகிற மூச்சு, சமையல் ஆவி, பூட்ஸில் ஒட்டிவந்த பனி எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தச் சின்ன இடத்துக்குள்தான் நிற்கும், எங்கே சில்லென்று இருக்கிறதோ அங்கே போய்ப் படியும். எங்கள் வண்டிக் கதவின் உள்பக்கத்தில் கீல் திருகாணிகள் இருக்கின்றன, காலையில் எழுந்து பார்த்தால் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் வெள்ளைவெளேரென்று உறைபனி குமிழாக நிற்கும். உள்ளே 20 டிகிரி, அந்தத் திருகாணி மட்டும் வெளிக்குளிரை அப்படியே உள்ளே கொண்டுவருகிறது. அது பரவாயில்லை, துடைத்துவிடலாம். மெத்தைக்கு அடியில் படிகிற ஈரம்தான் மோசம், கண்ணுக்குத் தெரியாது. தினமும் காலையில் மெத்தையைத் தூக்கிச் சாய்த்து வைத்துச் சூடான காற்று பட விடுங்கள்.

சமையலுக்கு வருகிறேன். குக்கர் தாராளமாக வைக்கலாம், திறந்த பாத்திரத்தில் வடிப்பதைவிட அதுதான் நல்லது, ஆவி குறைவாக வரும். விசில் வரும்போது அடுப்புக்கு மேலே கூரை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவிடுங்கள், ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். குளிர் உள்ளே வருமே என்று பயந்து மூடிவைத்தால் ஈரம் தங்கி ராத்திரி இன்னும் குளிரும். வெளியே இருந்து வருகிற காற்று உறைந்து வறண்ட காற்று, ஐந்து நிமிடம் உள்ளே விட்டுச் சூடாக்கினால் ஈரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். சுவரிலும் தரையிலும் நிரந்தரமாக விட்டிருக்கிற காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்கவே அடைக்காதீர்கள், அவை கேஸுக்காக வைத்தவை. ரசம், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என்று வீட்டிலேயே செய்து எடுத்துவந்தால் வண்டியில் சோறு மட்டும் வைத்தால் போதும். சாம்பாரைச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு வெளிப்பெட்டியில் வைத்துவிடுங்கள், மைனஸ் 20இல் அதுவே ஃப்ரீசர். தோசை மாவு கொண்டுவந்தால் ஹீட்டர் காற்று வருகிற துளைக்குப் பக்கத்தில் வையுங்கள், புளித்துவிடும்.

தூக்கம்: முன்பக்கக் கண்ணாடிதான் பெரிய ஓட்டை. வெளியே மாட்டுகிற தடிமனான வெப்பப் பாய் கேளுங்கள், உள்ளே மாட்டுவது அவ்வளவு உதவாது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கனத்த போர்வையைத் திரை மாதிரித் தொங்கவிட்டால் படுக்கிற பக்கம் நல்ல சூடாக இருக்கும். ஹீட்டரை ராத்திரி அணைக்காதீர்கள், 16 டிகிரிக்குக் குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

இரண்டு பேர் அடைந்து கிடப்பது பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் ஓட்டாதவர் என்பதால் சொல்கிறேன், வழி பார்ப்பது, வானிலை பார்ப்பது, அடுத்து எங்கே நிற்பது என்று முடிவு செய்வது, இந்த மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வண்டியை மட்டும் பார்க்கட்டும். களைத்துப்போனவர் கையிலேயே "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்கிற முடிவும் இருக்கக் கூடாது. நாளைக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு மூன்று மணிக்கெல்லாம் முகாமுக்குள் வந்துவிட்டால் சாயங்காலம் முழுக்க உங்களுக்குத்தான். எங்களுக்கு வருஷத்தில் வேறு எப்போதும் அவ்வளவு பேச நேரம் கிடைப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே நீல நிறத்தில் பனி, உள்ளே இஞ்சி டீ, போனில் சிக்னல் பாதி நேரம் இருக்காது. போய்ப் பாருங்கள், அடுத்த வருஷமும் கேட்பீர்கள்.

நேர்பேச்சு:

எல்லாம் சரி, ஆனால் கணக்குப் போடுங்கள். ஒஸ்லோவிலிருந்து டிராம்சோ ஸ்வீடன் வழியாகவே 1,600 கிலோமீட்டருக்கு மேல். நாளைக்கு 250 என்றால் போக ஒரு வாரம், வர ஒரு வாரம். இரண்டு வாரமும் சாலையிலேயே முடிந்துவிடும், மேகம் மூடினால் காத்திருக்க ஒரு ராத்திரிகூட மிஞ்சாது. விமானத்தில் டிராம்சோ போய் இறங்கி அங்கேயே வண்டி எடுங்கள். உள்ளூர் வண்டியில் ஆணி டயர், சரியான டீசல், சரியான கேஸ் எல்லாம் தயாராக இருக்கும். ஒருவர் மட்டுமே ஓட்டுகிற குடும்பத்துக்கு இதுதான் சரி.

வடக்குவாடை:

நேர்பேச்சு சொல்வதில் நியாயம் இருக்கு. E45 ஐ விடச் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் இரண்டு கிழமைக்குள் என்றால் இவர் சொன்ன மாதிரிச் செய்வதுதான் புத்தி. ட்ரொம்சோவில் வாகனம் எடுத்தால் வானத்துக்காக இடம் மாறலாம், அதுதான் முக்கியம். கடற்கரையில் குளிர் குறைவு, ஆனால் மேகம் அதிகம். ட்ரொம்சோவில் மூடியிருந்தால் E8 வீதியால் ஷிபோத்தனுக்கு வாருங்கள், மழை மேகம் மலையில் தடைப்பட்டு அந்தப் பள்ளத்தாக்கு வறண்டு கிடக்கும். அங்கேயும் சரியில்லை என்றால் இன்னும் மேலே ஏறிப் பின்லாந்துக்குள் கில்பிஸ்யார்வி. மற்றப் பக்கம் நார்விக் வழியாகச் சுவீடனுக்குள் அபிஸ்கோ, அங்கே ஏரிக்கு மேலே வானம் அடிக்கடி விலகி நிற்கும். ஆனால் அபிஸ்கோவுக்குப் போகும் E10இல் பியோர்ன் மலை காற்றுக்கு மூடப்படும், கிளம்பு முன் பாருங்கள். உள்ளுக்குள் போகப் போகக் குளிர் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம், நோர்வேயின் உள்நாட்டு ஊரான கரஸ்யொக்கில் 1886இல் மைனஸ் 51.4 பதிவாகியிருக்கு. பெப்ரவரி நடுவில் பகல் ஏழு மணித்தியாலம் போல இருக்கும், ஓட்டத்துக்கு அது காணும்.

சங்கிலி மாட்டுவதற்கென்று ஒதுக்கிய இடங்களிலும், உழவு வண்டி திரும்புகிற இடங்களிலும் இரவு நிற்காதீர்கள். விடியப்புறம் ஐந்து மணிக்கு உழவு வண்டி வரும், அவருக்கு அந்த இடம் வேண்டும்.

வைகைக்கரை:

இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். விமானத்தில் போய் டிராம்சோவில் வண்டி எடுப்பது என்று முடிவு. முதல் இரண்டு ராத்திரி ஊருக்குப் பக்கத்திலேயே மின் இணைப்பு உள்ள முகாமில் தங்கி வண்டியைப் பழகிக்கொள்வது, அப்புறம் ஷிபோத்தன், வானம் எப்படியோ அப்படி. E45 வேறொரு வருஷம் நீண்ட லீவில். கடைசியாக ஒரு கேள்வி: விமானத்தில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோக முடியாது, சரி. இங்கிருந்து கட்டாயம் எடுத்துப்போக வேண்டியது என்னென்ன?

கியர்பெட்டி:

நல்ல முடிவு. தலையில் மாட்டுகிற டார்ச் ஆளுக்கு ஒன்று, கையில் பிடிக்கிற டார்ச் உதவாது, வெளியே செய்கிற வேலைக்கெல்லாம் இரண்டு கையும் வேண்டும். மெல்லிய கம்பளிக் கையுறை, அதற்கு மேல் தடித்த கையுறை. வெறும் கையால் கேஸ் இணைப்பையோ சங்கிலியையோ தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு கருவி சின்னதாக ஒன்று, வண்டியில் இருந்தாலும் கொண்டுபோங்கள். மண்வெட்டி, நீளமான துடைப்பம், இழுவைக் கயிறு வண்டியிலேயே இருக்கிறதா என்று இன்றைக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். அந்தத் துடைப்பம் கூரைப் பனியைத் தள்ள. வண்டியை எடுக்கும் முன் கூரையைச் சுத்தம் செய்யாவிட்டால் முதல் பிரேக்கில் அத்தனையும் முன்கண்ணாடியில் வந்து விழும். அப்புறம் குக்கரையும் உங்கள் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், வாடகை வண்டியில் அது கிடைக்காது.